பன்னிரண்டாம் தேதி மணமகள், இருபத்தாறாம் தேதி மணமகன்

அந்தக் கண்ணாடிப் போத்தல் தொழிற்சாலையில் யாரும் நினைத்த நாளில் கல்யாணம் செய்துகொள்ள முடியாது. யாரை வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். அதில் நிர்வாகம் தலையிட்டதே இல்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். எப்போது என்பதற்குத்தான் ஒரு குழு இருந்தது.

குழு பிறந்த கதை எல்லோருக்கும் தெரியும். முன்பு ஒருமுறை பேக்கிங் பிரிவில் ஐந்து பேர் ஒரே நாளில் மாப்பிள்ளை ஆனார்கள். அன்று லாரியில் ஏற வேண்டிய போத்தல்கள் தரையிலேயே கிடந்தன. மறுவாரமே மணநாள் மற்றும் பருவ ஒதுக்கீட்டுக் குழு அமைந்துவிட்டது. குழுவுக்கு ஓர் அறை, அறைக்கு ஒரு பலகை, பலகைக்குப் பொன் எழுத்து. விதிகள் முதலில் அரைப் பக்கம்தான் இருந்தன. வேலை இல்லாத குழுவின் விதிகள் தாமாகவே பெருகும் என்பதால் பிறகு பெருகின. ஒரு பிரிவிலிருந்து ஒரு நாளில் ஒருவருக்குத்தான் கல்யாணம். ஒதுக்கிய நாளை மாற்றக் கேட்பவர் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். ஒதுக்காத நாளில், வேலை நேரத்துக்கு வெளியே ஆனாலும் சரி, கல்யாணம் செய்துகொண்டால் வேலை போய்விடும்.

குழுவில் மூன்று பேர். பணியாளர் மேலாளர் தலைவர். விற்பனை அதிகாரி பருவ நிபுணர். மூன்றாமவர் தொழிலாளர்களின் பிரதிநிதி. அவர் எல்லோரையும் மச்சான் என்று அழைப்பார்; ஆகவே எல்லோருக்கும் அவர் மச்சான்தான். அவர் தேர்தலில் நின்றபோது சாப்பாட்டு வேளையைத் தியாகம் செய்து, நாற்காலி நாற்காலியாகப் போய் அவருக்காக வாக்குக் கேட்டவன் பரிசோதனைப் பிரிவில் ஒருவன். அவனைப் பற்றியதுதான் இந்தக் கதை.

அவனுக்குத் தொழிற்சாலையில் கீறல் என்று பெயர். வெளிச்சப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, பெல்ட்டில் வரிசையாகப் போகும் போத்தல்களில் கீறலும் குமிழியும் இருக்கிறதா என்று பார்ப்பது அவன் வேலை. மற்றவர்கள் கண்ணுக்குத் தப்பும் மயிரிழைக் கீறலைக்கூட அவன் பிடித்துவிடுவான். அதே கண்ணை மனிதர்கள் மேல் வைக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதில்லை.

பக்கத்து நாற்காலியில் அவள். பலகையை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்பதால் நான்கு வருடமாக இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே பேசிப் பழகினார்கள். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று அவன் கேட்டபோதுகூட ஒரு மருந்துப் போத்தலைப் பார்த்துத்தான் கேட்டான். அவளும் அடுத்த போத்தலைப் பார்த்துச் சரி என்றாள்.

அவசரம் ஏதுமில்லாமல்தான் இருந்தார்கள், அவளுடைய அப்பாவுக்குத் தொண்டையில் கட்டி என்று தெரியும்வரை.

அவர் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடைக்கு வருகிறது, எவ்வளவு தாமதம் என்று முப்பது வருடமாக ஊருக்கே சொல்லி வந்தவர். அவரைப் பார்க்காதவர்களுக்குக்கூட அவர் குரல் தெரியும். மருத்துவர் படம் வரைந்து காட்டினார். அடுத்த மாதம் இருபதாம் தேதி அறுவை சிகிச்சை. குரல்வளையை எடுத்தாக வேண்டும். உயிர் இருக்கும், பேச்சு இருக்காது.

அவர் அதிகம் வருத்தப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஒன்று மட்டும் கேட்டார். கல்யாணக் கூடத்தில் மகள் பெயரையும் மருமகன் பெயரையும் ஒலிபெருக்கியில் தானே அறிவிக்க வேண்டும். அதற்குப் பிறகு குரலை எடுத்துக்கொள்ளட்டும் என்றார்.

வருங்கால மருமகன் தயங்கித் தயங்கி, இப்போதே பேசிப் பதிவு செய்து வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்டான்.

"மாப்ள, வராத வண்டிய வந்துடுச்சுன்னு நான் ஒரு நாளும் சொன்னதில்ல," என்றார் அவர். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஆகவே இருபதாம் தேதிக்குள் கல்யாணம் நடக்க வேண்டும். வேலையை விட்டுவிட்டுச் செய்துகொள்ளவும் வழியில்லை. அந்த அறுவை சிகிச்சை நடப்பதே அவள் வேலையோடு வரும் மருத்துவ உதவியில்தான். இருவரும் அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி என்று எழுதி, இரண்டு விண்ணப்பப் பாரங்களையும் ஒன்றாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். எழுத்தர் இரண்டிலும் முத்திரை குத்தினார். அவளுடையதை முதலில் குத்தினார்.

ஒரு வாரத்தில் இருவருக்கும் தனித்தனியாக வாழ்த்துக் கடிதம் வந்தது. அவளுக்குப் பன்னிரண்டாம் தேதி கல்யாணம். அவனுக்கு இருபத்தாறாம் தேதி. ஒரே பிரிவில் ஒரே நாளில் இருவருக்கு இடமில்லாததால் அவனுக்கு அடுத்துக் காலியாக இருந்த நல்ல நாள் ஒதுக்கப்பட்டிருப்பதாகவும், இருவரின் இல்லறமும் தனித்தனியே சிறக்கக் குழு வாழ்த்துவதாகவும் எழுதியிருந்தது.

முதலில் அவன் சிரித்தான். எழுத்தரிடம் போய், கல்யாணம் எங்கள் இருவருக்கும் இடையில்தான் என்று விளக்கினான். எழுத்தர் பாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் எதிர்த்தரப்பின் பெயருக்கு இடமே இல்லை. நேராக மச்சானைத் தேடிப் போனான். மச்சான் அவன் தோளில் கை போட்டு, இதற்கெல்லாமா முகத்தைத் தொங்கப்போடுவது என்று கேட்டார். விசாரணைக்கு ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். அவன் மாமனாரின் தொண்டை, இருபதாம் தேதி, ஒலிபெருக்கி எல்லாவற்றையும் சொன்னான். மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உள்ள வந்து நீ வாயத் திறக்காத. உனக்குப் பேச வராது. நான் எதுக்கு இருக்கேன்?"

விசாரணை நாளில் குழு அறையில் அவனுக்குக் கைப்பிடி இல்லாத நாற்காலி போட்டார்கள். தலைவர் நிதானமான மனிதர். எதிரில் இருப்பவர் எவ்வளவு கலங்கியிருக்கிறாரோ அவ்வளவு நிதானமாகப் பேசுவார்.

"தம்பி, நீங்க யாரக் கட்டிக்கிறீங்கன்னு எங்களுக்குத் தெரியக்கூடாது. அது உங்க அந்தரங்கம். அதுக்குத்தான் பாரத்துல அந்தக் கட்டத்தையே எடுத்தோம். மூணு கூட்டம் போட்டு எடுத்தோம். இப்ப நீங்களே வந்து பேரச் சொல்றீங்க. நான் அதக் கேக்காத மாதிரி இருந்துக்கிறேன். எங்களப் பொறுத்தவரைக்கும் ஒரு பொண்ணுக்குப் பன்னெண்டாம் தேதி கல்யாணம், ஒரு பையனுக்கு இருபத்தாறாம் தேதி கல்யாணம். ரெண்டும் நல்ல விஷயம். எனக்குப் பிரச்சினை எங்கன்னு தெரியல."

அவன் மச்சானைப் பார்த்தான். மச்சான் விதிப் புத்தகத்தை மும்முரமாகப் புரட்டிக்கொண்டிருந்தார்.

சரி, சொல்லாமல் செய்துகொண்டால் என்ன ஆகும் என்று அவன் மெல்லக் கேட்டான். இருவர் வேலையும் போகும் என்றார் தலைவர். ஒதுக்கும்போது அவர்கள் தொடர்பில்லாத இரண்டு தனி மனிதர்கள். தண்டிக்கும்போது பிரிக்க முடியாத தம்பதி. இதில் முரண் எதுவும் இருப்பதாக அந்த அறையில் அவனைத் தவிர வேறு யாருக்கும் தெரியவில்லை.

பிறகு பருவ நிபுணர் பேசினார். சுவரில் ஒரு பெரிய அட்டவணை தொங்கியது. வெயில் காலத்தில் குளிர்பானப் போத்தல், மழைக்காலத்தில் மருந்துப் போத்தல், பனிக்காலத்தில் ஊறுகாய் ஜாடி என்று எல்லாப் பருவத்திலும் தேவை ஏறும். நடுவே எங்காவது ஒரு மந்த மாதம் வரும். கல்யாணத்துக்கு ஏற்றது அதுதான். எது மந்த மாதம் என்பது விற்பனை விவரங்கள் வந்து சேர்ந்து, மூன்று மாதம் கழித்துத்தான் உறுதியாகும்.

"மூணு மாசத்துக்கு முந்தி ரொம்ப மந்தம்னு நேத்துதான் தெரிஞ்சுது," என்றார் அவர் உண்மையான அக்கறையுடன். "அப்ப நீங்க கேட்டிருந்தா தாராளமாக் குடுத்திருப்போம்."

அப்போது மச்சான் எழுந்தார். இருவரும் ஒரே நாளில் இல்லாமல் போனால் பிரிவு தாங்குமா என்பதுதானே கேள்வி, அதைச் சோதித்துப் பார்த்துவிடலாமே என்றார். அதற்கு அவரே ஒரு பெயரும் வைத்திருந்தார்: இன்மை ஒத்திகை. தலைவருக்குப் பெயர் மிகவும் பிடித்துவிட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை இரண்டு மணி நேரம் அவனையும் அவளையும் உணவுக்கூடத்தில் உட்கார வைத்தார்கள். அன்றுதான் முதல்முறையாக அவர்கள் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவள் மேசையைப் பார்த்துக்கொண்டு, அப்பா இப்போதெல்லாம் வீட்டில் பேசுவதில்லை, கூடத்துக்காகக் குரலைச் சேமிக்கிறார் என்றாள். அவனும் மேசையைப் பார்த்துத் தலையாட்டினான்.

வெளிச்சப் பலகைக்கு முன்னால் இரண்டு காலி நாற்காலிகள். பெல்ட் ஓடியது. போத்தல்கள் போய்க்கொண்டே இருந்தன. பழுதான போத்தல்களைப் போடும் தொட்டியில் ஒரு துண்டுகூட விழவில்லை.

மறுநாள் குழு அறையில் பருவ நிபுணர் அறிக்கையை வாசித்தபோது அவர் குரல் நடுங்கியது. தொழிற்சாலை தொடங்கிய நாள்முதல் இப்படியொரு இரண்டு மணி நேரம் இருந்ததில்லை. பழுது சுத்தமாக இல்லை. ஒத்திகைக்கு முன்பும் பின்பும் வழக்கம்போல நூற்றுக்கு நான்கு. அந்த இருவரும் நாற்காலியில் வந்து உட்கார்ந்ததுமே கீறல்கள் திரும்பி வந்துவிட்டன.

"பாக்க ஆள் இல்லாததால..." என்று அவன் ஆரம்பித்தான். மேசைக்கு அடியில் மச்சானின் செருப்பு அவன் காலை மிதித்தது.

தலைவர் கண்ணை மூடி யோசித்தார். ஆக, இந்த இருவரும் சேர்ந்து உட்காரும்போதுதான் போத்தலில் பழுது வருகிறது. இவர்களைப் பிரித்து வைக்க வேண்டும். கல்யாணத்துக்குக் குழு எதிரி அல்ல, பக்கத்து நாற்காலிக்குத்தான் எதிரி என்று தீர்ப்புச் சொன்னார். அந்த இரண்டு மணி நேரத்துப் போத்தல்கள் எங்கெங்கோ போய், யார் யார் கையிலோ உடைந்தன. அவற்றைப் பற்றி அறிக்கையில் ஒன்றுமில்லை.

அவனை உலைப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

உலை வாயில் நிற்பது என்றால் சட்டை காலையில் நனைந்து, மதியம் காய்ந்து, மாலையில் உப்புப் பூத்திருக்கும். அவனுக்கு ஆனந்தமாக இருந்தது. இப்போது அவள் ஒரு பிரிவு, அவன் ஒரு பிரிவு. அவளுடைய பன்னிரண்டாம் தேதி அப்படியே இருக்கிறது. பிரிவு மாறியவரின் பழைய நாள் ரத்தாகும், புதிதாகக் கேட்கலாம்; உலைப் பிரிவில் பன்னிரண்டாம் தேதி காலியாக இருந்தது. அவன் அறிவிப்புப் பலகையில் இரண்டு முறை பார்த்தான். இதையெல்லாம் முன்கூட்டியே யோசித்துத்தான் மச்சான் ஒத்திகை என்ற பேச்சையே எடுத்தார் என்று அவனுக்கு உறைத்தபோது, இவருக்காக இன்னும் பத்து நாற்காலிக்குப் போய் வாக்குக் கேட்டிருக்கலாமே என்று நினைத்துக்கொண்டான். புதிய பாரத்தை நிரப்பி எழுத்தரிடம் போனவனை மச்சான் வழியில் நிறுத்தினார்.

"குடு. நானே கொண்டு போறேன். உன் கையில இருந்து போனா ஒரு பாரம், என் கையில இருந்து போனா ஒரு சிபாரிசு."

அவன் கொடுத்தான்.

அன்று மாலை அவன் மாமனார் வீட்டுக்குப் போனான். கல்யாணக் கூடத்தில் ஒலிபெருக்கி எந்தப் பக்கம் இருக்க வேண்டும், எதிரொலி எவ்வளவு என்று அவர் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். பன்னிரண்டாம் தேதி கிடைத்துவிடும் என்று அவன் சொன்னதும், எத்தனையோ நாளாகச் சேமித்து வைத்ததில் கொஞ்சம் செலவழித்து, அவன் பெயரைச் சொல்லிப் பார்த்தார். அறைக்குள் மெதுவாகத்தான் சொன்னார். இருந்தாலும் தன் பெயர் அவ்வளவு பெரியது என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

இரண்டு நாள் கழித்து அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். பன்னிரண்டாம் தேதி, உலைப் பிரிவு: மச்சானின் தங்கை மகன். அவன் பெயர் பட்டியலின் அடியில் இருந்தது. மூன்று மாதம் தள்ளி, மழைக்காலத்தில். பக்கத்தில் ஒரு குறிப்பு: விண்ணப்பதாரர் பன்னிரண்டாம் தேதியைத் தம் சக ஊழியருக்காக மனமுவந்து விட்டுக்கொடுத்ததைக் குழு பாராட்டுகிறது.

அவன் அந்தக் குறிப்பை நான்கு முறை படித்தான். நான்காம் முறையும் அதன் பக்கத்தில் அவன் பெயர்தான் இருந்தது.

மச்சானை உணவுக்கூடத்தில் பிடித்தான். அவர் அவனைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்தவரை நகரச் சொல்லி இடம் போட்டார்.

"நான் விட்டுக்குடுக்கலயே," என்றான்.

"நீ கேட்டா குடுக்கிற ஆளுதான மச்சான். அதான் கேக்கல."

"மாமாவுக்கு இருபதாம் தேதி..."

"தெரியும். குழுவுல அதையும் சொன்னேன். இவ்வளவு கஷ்டத்துலயும் விட்டுக்குடுக்கிறான் பாருங்கன்னு. தலைவரே கலங்கிட்டாரு. உன் பேரு எங்கயோ போயிடுச்சு."

"உங்க தங்கச்சி பையனுக்கு என்ன அவசரம்?"

மச்சான் வருத்தத்தோடு அவனைப் பார்த்தார். அவசரம் ஒன்றுமில்லை, அந்தக் கூடம் அன்றைக்குத்தான் கிடைத்தது என்றார். உலைப் பிரிவில் ஒரு நாளுக்கு ஒருவர்தான், பையன் ஆறு வருடமாக அங்கே இருக்கிறான், நீ வந்து ஆறு நாள் ஆகிறது, நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா என்று கேட்டார். பிறகு தன் தட்டிலிருந்ததில் பாதியை எடுத்து அவன் முன்னால் வைத்தார். அவன் அதைத் தொடவில்லை. அதைத் தவிர அன்று அவனால் வேறொன்றும் செய்ய முடியவில்லை.

வீட்டில் செய்தியைச் சொன்னபோது மாமனார் உடனே ஒரு வழி கண்டுபிடித்தார். மூன்று மாதம்தானே, அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடலாம் என்றார். அந்த வீட்டில் அவள் குரல் உயர்ந்து அவன் கேட்டது அந்த ஒருமுறைதான்.

"உங்க பேச்சு போனா முகத்தப் பாத்துப் புரிஞ்சுக்குவேம்பா. நீங்களே போயிட்டா நான் எதப் பாத்துப் புரிஞ்சுக்கிறது?"

அவர் மேசையிலிருந்த தாளை எடுத்து நான்காக மடித்தார். வேலையைத் தூக்கி எறிந்துவிட்டுப் பன்னிரண்டாம் தேதி போய்க் கூடத்தில் நின்றால் என்ன என்ற எண்ணம் அவனுக்கு வந்தது. அவன் வேலை போனால் போகட்டும். ஆனால் அவள் வேலையும் சேர்ந்து போகும், அதோடு அந்த இருபதாம் தேதியும் போகும். எண்ணம் வந்த வழியே திரும்பிப் போயிற்று.

பன்னிரண்டாம் தேதி மச்சானின் தங்கை மகனுக்குக் கல்யாணம் நடந்தது. தன் நாளை விட்டுவிட்டு, அவன் நாளோடு சேர வேண்டுமென்று அவள் வரிசையின் கடைசிக்குப் போயிருந்தாள். இருபதாம் தேதி காலையில் அவளுடைய அப்பாவை உள்ளே கொண்டு போனார்கள். அவன் அப்போது உலை வாயில் நின்றிருந்தான். கல்யாணம் ஆகாத மருமகனுக்கு மருத்துவமனை விடுப்பு கிடையாது. கதவு மூடும் முன்பு அவர் கடைசியாக என்ன சொன்னார் என்று அவள் பிறகு சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

மழைக்காலத்தில் கல்யாணம் நடந்தது. கூடத்தின் தகரக் கூரையில் மழை கொட்டியது. குழு முழுவதுமாக வந்திருந்தது. ஒதுக்கிய நாள் சரியாகப் பயன்படுத்தப்படுகிறதா என்று நேரில் பார்ப்பது சமீபத்தில் அவர்கள் சேர்த்துக்கொண்ட கடமை. அவர்களுக்கு முன்வரிசை. மாமனார் கழுத்தில் வெள்ளைத் துணி சுற்றி மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் அவரிடம் உரக்கப் பேசினார்கள், பேச முடியாதவருக்குக் காதும் கேட்காது என்பதுபோல.

தலைவர் வாழ்த்தினார். இது மந்த மாதமா என்று மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும், இருந்தாலும் நம்பிக்கையோடு ஒதுக்கினோம், இந்தத் தம்பதியும் அதே நம்பிக்கையோடு வாழ வேண்டும் என்றார். மழைச் சத்தத்தையும் மீறிக் கைதட்டல்.

பிறகு மச்சான் ஒலிபெருக்கியை வாங்கினார். மூக்கைச் சற்று அடைத்துக்கொண்டு, ரயில் நிலையக் குரலில், பயணிகள் கவனிக்கவும், மணமகன் மூன்று மாதத் தாமதத்துக்குப் பின் முதலாம் மேடைக்கு வந்து சேர்ந்தார் என்று அறிவித்தார். இருவர் பெயரையும் அதே குரலில் இழுத்து இழுத்துச் சொன்னார். கூடம் விழுந்து விழுந்து சிரித்தது. மாமாவோட ஆசை, நான் நிறைவேத்திட்டேன் என்று சொல்லிவிட்டு, அவர் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

மாமனார் கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டார்.

மச்சான் ஒலிபெருக்கியை மாப்பிள்ளை கையில் திணித்தார். குழுவைப் பற்றி இரண்டு வார்த்தை என்றார். அவன் அதைப் பிடித்துக்கொண்டு நின்றான். சொல்ல வேண்டியது எல்லாம் அவனிடம் இருந்தது. நான்கு மாதமாக உலை வாயில் நின்று ஒவ்வொரு வார்த்தையாக அடுக்கி வைத்திருந்தான். முன்வரிசையில் மூன்று பேரும் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார்கள். மாமனாருக்கு இன்னும் ஒரு வருடம் சிகிச்சை பாக்கி இருந்தது. அவள் அவனைப் பார்க்காமல் எதிரே கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குழுவுக்கு நன்றி," என்றான் அவன்.

ஒலிபெருக்கியில் அவன் குரல் தெளிவாகக் கேட்டது. மாமனார் அவனை வெகுநேரம் பார்த்தார். ஒரு சொல்லும் இல்லாமல் அந்த முகத்தில் இருந்ததைப் புரிந்துகொள்ள அவனுக்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை. அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். கைதட்டல் எழுந்தபோது அவன் கைகளும் அதில் சேர்ந்துகொண்டன.

அடுத்த வாரம் குழுவின் கூட்டக் குறிப்பு பலகையில் ஒட்டப்பட்டது. உலைக்குப் போகும் வழியில் அவன் நின்று படித்தான். நாளும் பருவமும் பொருத்தமாக அமைந்தன. மணமகன் நன்றி தெரிவித்தார். மணமகளின் தந்தையிடமும் தனியே கருத்துக் கேட்கப்பட்டது. அவர் ஆட்சேபம் எதுவும் சொல்லவில்லை.